டிக் டிக் கேட்கிறதா

சாவியைத் திருப்பினால் முதலில் வரவேண்டியது அந்தச் சத்தம்தான், டிக் டிக் டிக் டிக் என்று பானெட்டுக்குள்ளிருந்து, யாரோ விரல் நகத்தால் தகரத்தைச் சுண்டுகிற மாதிரி, அப்புறம்தான் மற்றதெல்லாம். திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் வரவில்லை. வரவில்லையா, வந்தும் எனக்குக் கேட்கவில்லையா. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறுகிற மலைப்பாதையில், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் கீழே, என் பழைய மாரிஸ் மைனர் கார் இரண்டு முறை இருமி, ஒரு முறை குலுங்கி நின்றுவிட்டது. கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து இருக்கையில் வசந்தாமணி, என் மனைவி, உடுமலைப்பேட்டையில் ஏறியதிலிருந்து ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளைக் கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், பம்ப் அடிக்கிறதா இல்லையா என்று. கேட்டால் அவள் திரும்பி, ஏனுங்க, உங்களுக்குக் கேக்கலீங்களா என்பாள். இரண்டு வருஷமாக நான் தப்பித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்வியிலிருந்துதான். சாவியை அணைத்து மறுபடி திருப்பினேன். கழுத்தை முன்னால் நீட்டிக் காதைக் கொடுத்தேன். காற்று கூட இல்லாத மாதிரி இருந்தது, ஆனால் சாலையோரத்து மூங்கில் ஆடிக்கொண்டிருந்தது, ஆகவே காற்று இருக்கிறது, அதற்குச் சத்தமும் இருக்கும். எனக்குத்தான் இல்லை.

இந்தக் காரின் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் வேலை செய்வது, எஞ்சின் ஓடாவிட்டாலும் சாவி போட்டால் போதும், பின்னால் இருக்கிற டாங்கியிலிருந்து உறிஞ்சி முன்னால் கார்புரேட்டருக்கு அனுப்பும், ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் ஒரு டிக். அதற்கு ஒரு பாஷை உண்டு, அது பிடிபட எனக்கு நெடுநாள் ஆனது. வேகமாக அடித்து, போகப் போக மெதுவாகி நின்றுவிட்டால், கார்புரேட்டரின் கிண்ணம் நிறைந்துவிட்டது, எல்லாம் நலம், கிளம்பலாம். நின்ற பிறகும் ஆற அமர ஒரு டிக், கொஞ்சம் கழித்து இன்னொரு டிக் என்றால், எங்கோ ஒழுகுகிறது. அடிக்கவே இல்லையென்றால் உள்ளே இருக்கிற முள் ஒட்டிக்கொண்டது, ஸ்பேனர் பிடியால் ஒரு தட்டு தட்டினால் விழித்துக்கொள்ளும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் அது பெட்ரோலைக் குடிக்கவில்லை, காற்றைக் குடிக்கிறது. இவ்வளவும் எனக்குத் தெரியும், தெரிந்து என்ன, பேசுகிறவனின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வெளியூர்க்காரன் மாதிரி நிற்கிறேன். அது பேசுகிறதா, வாய் மூடி இருக்கிறதா என்பதே தெரியவில்லை. "என்னாச்சுங்க?" என்றாள் வசந்தாமணி. அவள் என் பக்கம் திரும்பி, முகத்துக்கு நேராகக் கேட்டதால் அது கிடைத்தது. "ஒண்ணுமில்ல. சூடு ஏறியிருக்கும். பாக்கறேன்" என்று சொல்லி இறங்கினேன்.

இரண்டு கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். பானெட்டைத் தூக்கினேன். வெக்கை முகத்தில் அடித்தது, எண்ணெய் வாசனையும் லேசாகப் பெட்ரோல் வாசனையும். பம்ப் அங்கே எஞ்சினுக்குப் பின்னால் தகரச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கறுப்புத் தொப்பி போட்ட மாதிரி சாதுவாக இருந்தது. அதன் மேல் ஆள்காட்டி விரலை வைத்தேன். துடித்தது. அடிக்கிறது, அடிக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே விரலை எடுத்துப் பக்கத்தில் வெறும் தகரத்தில் வைத்தேன். அங்கேயும் துடித்தது. அது என் விரலின் நாடி. மேடேறி வந்த பயத்தில் என் ரத்தமே டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது, பம்ப்புடையது எது, என்னுடையது எது. எனக்குச் சிரிப்பு வந்தது. கடையில் இப்படித்தான் தினமும் ஆட்களைச் சோதிக்கிறேன், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன் நான், உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு வில்லையைப் போட்டு இப்ப நல்லாத் தெரியுதுங்களா, அதை எடுத்து இன்னொன்றைப் போட்டு இல்ல இப்பவா என்று கேட்டுக் கேட்டுக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒன்று நிற்கும். வருகிறவர்கள் கூச்சமே இல்லாமல் சொல்வார்கள், கீழ் வரி சுத்தமாகத் தெரியலீங்க என்று. கண் தெரியவில்லை என்பதில் என்ன இருக்கிறது, அழகான ஃபிரேமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கண்ணாடியில் முகம் பார்த்துப் போவார்கள். காது கேட்கவில்லை என்று யாராவது அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேனா. எங்கள் தெருவில் ஒருவர் வீட்டைச் செவிடன் வீடு என்றுதான் அடையாளம் சொல்வோம், அவர் பெயர் எனக்கு இன்று வரை தெரியாது. நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் முழுசாகப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது, அதுதான் விசித்திரம். அமைதியான வீட்டில் பக்கத்து அறையிலிருந்து அவள் பேசுவது கம்பளிக்குள் சுற்றிய மாதிரி வருகிறது, ஏற்ற இறக்கம் மட்டும் இருக்கும், வார்த்தை இருக்காது. முறுக்கைக் கடித்தால் மட்டும் தலைக்குள் ஜல்லி கொட்டுகிற சத்தம். என் குரல் எனக்கு உள்ளே கணீரென்று கேட்கிறது, ஆனால் எல்லோரும் என்னங்க முணுமுணுக்கறீங்க என்கிறார்கள். அதைவிட விசித்திரம் இந்தக் கார். எஞ்சின் உறுமிக்கொண்டு, கதவு கடகடத்துக்கொண்டு, காற்று அறைந்துகொண்டு இருக்கும்போது அவள் பேசுவது அட்சரம் பிசகாமல் கேட்கும். இந்த இரைச்சலில் நல்ல காதுக்காரனே திணறுவான், எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஏன் என்று பல நாள் யோசித்துப் பார்த்தேன். காரில் இருக்கும்போது அவள் இரைச்சலுக்கு மேல் குரலை ஏற்றிப் பேசுகிறாள், அவளுக்கே தெரியாமல், அந்த இரைச்சல் எனக்குப் பாதிதான், குரல் மட்டும் முழுசாக வந்து சேர்கிறது, அப்படி இருக்கலாம். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையானால் திருமூர்த்தி மலைக்குப் போலாமா, அமராவதி போலாமா என்று நானே வண்டியை எடுக்கிறேன். உங்களுக்குக் காருன்னா இவ்வளவு பைத்தியமா என்பாள். பைத்தியம் காரின் மேல் இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் இன்றைக்கு, பொள்ளாச்சி தாண்டி, ஆழியாறு அணை தாண்டி, செக்போஸ்ட் தாண்டி, ஒரு வார்த்தை பேசவில்லை அவள். வெள்ளிக்கிழமை வால்பாறை போகோணும், வண்டி எடுங்க என்று சொன்னதோடு சரி. வால்பாறையில் அவளுடைய பழைய சிநேகிதி கனகவல்லி ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை, அவளைப் பார்க்கப் போகிறோம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நானாக நினைத்துக்கொள்வதுதான் இப்போதெல்லாம் என் வேலை. பாதி கேட்டு மீதியை நானே தைத்துக்கொள்வது.

விரல் உதவாது. திருப்புளி வேண்டும், பெரியது. மெக்கானிக்குகள் அதன் நுனியை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தேன். கருவிப் பை அடியில் இருக்கிறது, அதை எடுக்க மேலே இருப்பதை இறக்க வேண்டும். காலையில் நான் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு வருவதற்குள் அவளே எல்லாவற்றையும் ஏற்றியிருந்தாள், அதனால் இப்போதுதான் பார்க்கிறேன். ஒரு சூட்கேஸ். இன்னொரு சூட்கேஸ். இறக்கும்போது தோள் இறங்கியது, அவ்வளவு கனம். அதற்குப் பின்னால் சுருட்டிக் கயிறு கட்டிய மெத்தை. மெத்தையா. சிநேகிதியைப் பார்க்கப் போகிறவள் எதற்கு மெத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். சாலையோரத்தில் மெத்தையைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன், கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு உட்கார்ந்து அதையே பார்க்கிறது. பைக்கில் ஏறி வந்த இரண்டு பேர் நின்று காரோடு படம் எடுத்துக்கொண்டார்கள், ஒருவன் ஏதோ கேட்டான், மாடல் என்ன வருஷம் என்று கேட்டிருப்பான், வழக்கமாக அதைத்தான் கேட்பார்கள், ஐம்பத்தாறு என்றேன். அவன் விழித்துவிட்டு மற்றவனைப் பார்த்துச் சிரித்தான். வேறு ஏதோ கேட்டிருக்கிறான். உதவி வேணுங்களா என்று கேட்டிருக்கலாம். அதற்கு ஐம்பத்தாறு என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் போய்விட்டார்கள். இப்படித்தான், இப்படித்தான் அன்றைக்கும், என்று கொஞ்ச நாளைக்கு முந்தைய அந்தச் சாயங்காலம் வந்து முன்னால் நின்றது. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் உள் அறையில் பீரோவைப் பார்த்து நின்று துணி மடித்துக்கொண்டே பேசினாள், நீளமாகப் பேசினாள், கம்பளிக்குள் சுற்றிய அந்தக் குரல் ஏறி, இறங்கி, ஒரு இடத்தில் நின்று, கடைசியில் மேலே தூக்கி முடிந்தது. மேலே தூக்கி முடிந்தால் கேள்வி. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "ம். சரி" என்றேன். அவள் மடித்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டே நிலைப்படிக்கு வந்து என்னையே பார்த்தாள். "அவ்வளவுதானுங்களா?" என்றாள். அது நன்றாகக் கேட்டது. "அவ்வளவுதான்" என்றேன். எதற்கு அவ்வளவுதான். அன்றிலிருந்துதான் அவள் பேச்சு சுருங்கியது. கேஸ் அடுப்பு மாற்றுவதாக இருக்கும், ஓசூரில் இருக்கிற மகளுக்கு வரன் பற்றியதாக இருக்கும், வெள்ளையடிப்பதாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன், எதுவும் பொருந்தவில்லை. இப்போது ஒரு மெத்தை வந்து சேர்ந்திருக்கிறது. நான் எதற்குச் சரி என்று சொன்னேன்?

முதலில் பம்ப். பம்ப்பையாவது தெரிந்துகொள்ளலாம். திருப்புளியின் நுனியைப் பம்ப்பின் மேல் வைத்துப் பிடியைக் காதுத் துவாரத்தில் வைத்தேன். ஒன்றுமில்லை. அழுத்தினேன். ஒன்றுமில்லை. கை வழுக்கிப் பிடி காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் போய் இடித்தது. டக் டக் டக் டக் டக் டக். துள்ளிவிட்டேன். தலைக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து சுத்தியலால் அடிக்கிற மாதிரி. எடுத்தேன், அமைதி. வைத்தேன், டக் டக் டக் டக். காதுக்குள் வைத்தால் இல்லை, காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தால் இருக்கிறது. இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்தேன், அங்கேயும் அதே. பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தேன், ஐயோ, மண்டை முழுக்கப் பம்ப். எத்தனை தெளிவு, இழுக்கிற சத்தம் வேறு, விடுகிற சத்தம் வேறு, நடுவில் ஒரு சின்னக் கரகரப்பு, காது நன்றாக இருந்த காலத்தில்கூட இந்தக் கரகரப்பை நான் கேட்டதில்லை. அப்படியானால் கேட்கிற இடம் உள்ளே உயிரோடுதான் இருக்கிறது. வழிதான் அடைத்திருக்கிறது, வாசல் கதவு திறக்காத வீட்டுக்குள் கொல்லைப்புறமாகப் போய்ப் பார்த்தால் விளக்கு எரிந்துகொண்டிருக்கிற மாதிரி. பாதி வழியில் நின்ற காரையும் மெத்தையையும் மறந்து, கடைவாயில் திருப்புளியைக் கடித்துக்கொண்டு நான் பானெட்டுக்குள் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, இது நிற்கவே இல்லை. சரசரவென்று ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது. முள் ஒட்டவில்லை. பம்ப் செத்துப்போகவில்லை. காற்றைக் குடிக்கிறது.

காற்றைக் குடிக்கிறது என்றால் மூன்று காரணம். ஒன்று, டாங்கி காலி, அது இல்லை, பொள்ளாச்சியில் நிரப்பினேன். இரண்டு, மேடேறின சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகியிருக்கும், குளிர வைத்தால் சரியாகும். மூன்று, வழியில் எங்கோ குழாய் இணைப்பு தளர்ந்து அது வழியாகக் காற்று ஏறுகிறது. இப்ப நல்லாத் தெரியுதுங்களா, இல்ல இப்பவா. ஜன்னல் பக்கம் போய், "தண்ணி பாட்டில் கொடு" என்றேன். "குடிக்கறதுக்குத்தான் வெச்சிருக்கறேன்" என்றாள். "பம்ப்புக்கு." "பம்ப்புக்குத் தாகமா இருக்குதுங்களா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். கோபத்தில்கூட அவளுக்கு இப்படித்தான் வரும், அது எனக்குப் பிடிக்கும், அதையும் சொன்னதில்லை. துண்டை நனைத்துப் பம்ப் மேலும் குழாய் மேலும் சுற்றினேன். ஆவி பறந்தது. காத்திருந்தேன். ஒரு அரசு பஸ் வளைவில் திரும்பி என்னை உரசுகிற மாதிரி போனது, அதன் ஹாரன் எனக்கு யாரோ தூரத்தில் ஊதுகிற நாதஸ்வரம் மாதிரி இருந்தது, பயந்தே போனேன், ஒருநாள் இப்படி ஒரு பஸ்ஸுக்கு முன்னால் சத்தம் தெரியாமல் நின்றுவிடுவேனோ என்று. துண்டு குளிர்ந்ததும் மறுபடி திருப்புளியை எலும்பில் வைத்தேன். டக் டக் டக் டக். குறையவில்லை. ஆக மூன்றாவது. போன மாதம் டாங்கிப் பக்கத்து ரப்பர்க் குழாயை நானே மாற்றினேன், அதன் கிளாம்ப்பை நானே முறுக்கினேன், ரப்பர் கிழிந்துவிடுமோ என்று பயந்து பயந்து முறுக்கியது. அங்கேதான் இருக்க வேண்டும். ஆனால் கிளாம்ப் இருப்பது பின்னால், வண்டிக்கு அடியில். பம்ப் இருப்பது முன்னால். அங்கே முறுக்கினால் இங்கே சத்தம் குறைகிறதா என்று யார் கேட்பது. நான் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. இன்னொரு ஜோடிக் காது வேண்டும், அது அங்கே ஜன்னலோரமாக உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"வசந்தா, கொஞ்சம் இறங்கி வா. இங்க நில்லு. பம்ப் அடிக்கிறது கேக்குதா?" இந்தக் கேள்வியை இவ்வளவு சுலபமாகக் கேட்டுவிடலாம் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று, உதவிக்குக் கேட்கிற மாதிரி கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. "நல்லாக் கேக்குது. அப்ப இருந்து கேட்டுட்டுத்தான இருக்கறேன்" என்றாள். "நான் பின்னாடி போய் முறுக்கறேன். சத்தம் மெதுவாகி நின்னா, நின்னுபோச்சுன்னு சொல்லு." தலையாட்டினாள். நான் பின்னால் போய்ப் பேப்பரை விரித்து மல்லாக்கப் படுத்து உள்ளே நுழைந்தேன். முகத்துக்கு மேலே டாங்கி. கிளாம்ப்பைத் தொட்டதும் விரல் ஈரமானது. இங்கேதான். திருப்புளியை வைத்துத் திருப்பினேன். நின்னுபோச்சு என்பாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இன்னும் ஒரு திருப்பு. சொல்லவில்லை. ஒருவேளை இது இல்லையோ, வேறு எங்காவதோ, முன்பக்க இணைப்பாக இருக்குமோ. இன்னும் ஒரு திருப்பு. ரப்பர் பிதுங்கத் தொடங்கியது, இதற்கு மேல் போனால் வெட்டிவிடும், ஆனால் அவள்தான் சொல்லவில்லையே, அடித்துக்கொண்டுதானே இருக்கிறது, இன்னும் ஒரு அரைத் திருப்பு. அப்போது என் கணுக்காலை யாரோ பிடித்து வெளியே இழுத்தார்கள்.

வெயில் கண்ணில் குத்தியது. அவள் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தாள், முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு. வாய் அசைவதைப் பார்த்துத்தான் முதலில் புரிந்தது, அப்புறம் குரலும் வந்தது. "எத்தன தடவைங்க கூப்படறது? நின்னுபோச்சு, நின்னுபோச்சுன்னு தொண்ட கிழியக் கத்தறேன். அங்க இருந்து கத்துனேன். பக்கத்துல வந்து நின்னு கத்துனேன். அந்தக் கொரங்கே பயந்து ஓடிப்போச்சு." நான் எழுந்து உட்கார்ந்தேன். சட்டையில் மண். ஏதாவது சொல்லலாம், வண்டிக்கு அடியில் கேட்காது, தகரம் மறைத்துவிட்டது, காற்று அந்தப் பக்கம் அடித்தது என்று. நாக்கு வரை வந்தது. அவள் என்னைச் சுற்றிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் போனாள். சாலையில் அவளுடைய நிழல் மட்டும் எனக்குத் தெரிந்தது. நிழல் அசையாமல் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. நான் அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் ஏன் ஒன்றும் பேசாமல் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்து என் முகத்துக்கு நேராகக் கேட்டாள். "இப்ப நான் என்ன சொன்னேன்?" "ஏதாச்சும் சொன்னியா?" என்றேன். அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எப்ப இருந்துங்க?" "தெரியல. ரெண்டு வருஷம் இருக்கும்." "ரெண்டு வருஷமா எங்கிட்ட ம், ம்னு சொன்னதெல்லாம்?" "சிலது கேட்டுட்டுச் சொன்னது. சிலது சும்மா சொன்னது." "அன்னிக்குத் துணி மடிச்சுட்டு இருந்தப்பச் சொன்னது?" அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் அவளுடைய வளையலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "அது சும்மா சொன்னது." அவள் எழுந்து போய்ச் சாலையோரத்தில் நான் இறக்கி வைத்த சூட்கேஸின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. கிட்டே போனால் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் இருந்தது. "பாவி மனுசா. அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தன ராத்திரி தூங்கலைன்னு தெரியுமா. இத்தன வருஷம் கூட இருந்தவ கேக்கறேன், தலையக்கூடத் தூக்காம சரிங்கறாரேன்னு. கனகவல்லிகிட்டச் சொல்லி அழுதேன்." "என்ன கேட்டே நீ?" என்றேன். அவள் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் திருப்புளியைக் காட்டினேன், எலும்பில் வைத்தால் கேட்கிறது என்றேன், உள்ளே இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன், கார் ஓடும்போது அவள் பேசுவது மட்டும் எனக்கு முழுசாகக் கேட்கும் என்பதையும் சொன்னேன், ஏன் என்று நான் யோசித்து வைத்திருந்த காரணத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அதில் ஆர்வம் வந்து கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் நான் பேசுவதை நிறுத்தும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுதான் கார்ல ஏறுனா மட்டும் மனுசனா இருக்கறீங்களா" என்றாள். பிறகு, "திங்கக்கிழம கோயமுத்தூர்ல காது டாக்டர்கிட்டப் போகோணும். தப்பிக்க முடியாது" என்றாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "வண்டிய எடுங்க" என்றாள்.

ரப்பர் பிதுங்காதபடி கிளாம்ப்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வந்தேன். சாமான்களை இருவருமாக ஏற்றினோம். சாவியைத் திருப்பினேன். நான் அவளைப் பார்த்தேன், அவள் விரலைத் தூக்கி டாஷ்போர்டில் தட்டிக் காட்டினாள், தட், தட், தட், மெதுவாக, இன்னும் மெதுவாக, அப்புறம் விரலை நிறுத்திக் கையை விரித்தாள். ஸ்டார்ட்டரை இழுத்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்த உறுமல் உடம்பெல்லாம் ஏறியது, கதவு கடகடத்தது, உலகம் திரும்பி வந்தது. கிளம்பவிடாமல் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, இரைச்சலுக்கு மேல் குரலை ஏற்றிக் கேட்டாள். "கனகவல்லி ஸ்கூல் ஹாஸ்டலுக்கு வார்டனா என்னக் கூப்படறா. ரெண்டு வருஷம். அங்கியே தங்கோணும். மலைக்காட்டுப் புள்ளைங்க நூறு பேர் படிக்குது. எனக்குப் போகோணும்னு இருக்குது. நான் போகட்டுமா, வேண்டாமா? இதுதான் கேட்டேன்." ஒரு எழுத்து விடாமல் கேட்டது. இரண்டு வருஷம். மெத்தை. காலையில் யார் காபி போடுவது என்று முதலில் தோன்றியது, வெட்கமாக இருந்தது. இரவு கடை அடைத்துவிட்டு இருட்டு வீட்டுக்குள் நுழைந்து விளக்கு போடுவது தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை யாரை வைத்துக்கொண்டு அமராவதிக்குப் போவது. அவள் முகத்தில் ஒரு பரபரப்பு இருந்தது, கல்யாணமான புதிதில் பார்த்தது, இதை நான் பறிக்கலாமா. ம் என்று சொல்லத் தொண்டை தானாகத் தயாரானது, பழக்கம், அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"அன்னிக்கு இது எனக்குக் கேட்டிருந்தா, உடனே சரின்னு சொல்லியிருக்க மாட்டேன்" என்றேன். "பின்ன?" "சண்டை போட்டிருப்பேன்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னால் திரும்பி உட்கார்ந்தாள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல இருக்குது. போடுங்க" என்றாள். கைப்பிரேக்கை விட்டேன். முதல் கியரில் வண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது, வளைவு வந்தது, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் சுற்றி ஏற்றினேன், கீழே அணை ஒரு பக்கம் சாய்ந்து மறைந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, கைக்குக் கிடைத்ததை எடுத்தேன். "அந்த ஊர்ல வருஷம் பூராவும் மழை" என்று கத்தினேன், "உனக்கு மழைன்னாலே ஆகாது." "யாருக்கு ஆகாது? உங்களுக்குத்தான் ஆகாது. எனக்கு மழைன்னா உசுரு. எத்தன தடவ சொல்லியிருக்கறேன்." திரும்பி அவளைப் பார்த்தேன், சாலையைப் பார்த்தேன், மறுபடி அவளைப் பார்த்தேன். மழை என்றால் உயிரா, இவளுக்கா. "எப்பச் சொன்னே?" என்று கேட்டேன், சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான். அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள், இன்னும் கொஞ்சம் இரைச்சல் உள்ளே வந்தது, அதற்கும் மேலே குரலை ஏற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.